பெற்றோர் சந்திப்பில் என் தமிழ்

1. போன வருடம் பள்ளி திறந்த ஜூன் மாதத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மதிய இடைவேளைகளில் எங்கள் பள்ளி நூலகத்துக்கு வரத் தொடங்கினாள்.

2. மழைக்காலம் முடிவதற்குள், இடைவேளை முடிந்த பிறகும் போகாமல் அறிவியல் வகுப்பு நேரத்தையும் அங்கேயே கழிக்க ஆரம்பித்தாள்.

3. நூலகரான நான் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த நேரத்தில் அவளுக்குத் தமிழில் பாடம் சொன்னேன்.

4. முதல் பருவத் தேர்வில் அறிவியலில் தேறினாள். கணக்கிலும் மராத்தியிலும் தேறவில்லை.

5. தீபாவளி விடுமுறை முடிந்ததும் அவளுடைய அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் சரளமாக வரும். மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள்.

6. நான் மொழிபெயர்த்தேன்.

7. அவள் நூலகத்துக்கு வருவது நின்றது. பிறகு பள்ளிக்கு வருவதும் நின்றது.

நடந்தது இவ்வளவுதான். ஆறாவது வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முன்னால் இருப்பதைச் சொல்லாமல் அந்த வரியை மட்டும் விளக்க முடியவில்லை.

பள்ளி புனே நகரின் கட்கியில், ராணுவக் கன்டோன்மென்ட் எல்லைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப் பேர் பக்கத்துப் போபோடியிலிருந்து நடந்து வருகிறவர்கள். நான் கோயம்புத்தூரில் வளர்ந்தவள். பொறியியல் முடித்து ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதனை வேலை பார்த்தேன். அது ஒத்துவராமல் நூலக அறிவியல் படித்தேன். திருமணமாகிப் புனே வந்த பிறகு இந்த வேலை கிடைத்தது. நேர்காணலில் என்னிடம் அக்கறையாகக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, அலுவலகக் கம்ப்யூட்டர்கள் நின்றுபோனால் சரிசெய்யத் தெரியுமா என்பது.

நூலகம் முதல் மாடியின் கடைசி அறை. நான் சேர்ந்தபோது புத்தகங்கள் இரும்பு அலமாரிகளில் பூட்டிக் கிடந்தன. எல்லாவற்றையும் மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொன்றிலும் பார்கோடு ஒட்டி, திறந்த அடுக்குகளில் வைப்பது என்று வேலை தொடங்கினேன். இந்த வேலைதான் பிள்ளைகளை உள்ளே கொண்டுவந்தது. இடைவேளையில் தனியாக வந்து நிற்கும் பிள்ளையிடம் ஏன் வந்தாய் என்று நான் கேட்பதில்லை. பார்கோடு ரோலைக் கையில் கொடுத்துவிடுவேன். கை வேலையில் இருக்கும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் பேசலாம். பதினான்கு பதினைந்து வயதில் அது பெரிய வசதி.

அவளும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருந்தாள். பல நாட்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் நான் கோயம்புத்தூருக்குத் தொலைபேசியில் பேசி முடித்ததும், தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"மிஸ், நீங்க தமிழா?"

"ஆமா. நீயுமா?"

"ம். ஃபோன்ல யாரு?"

"எங்க அம்மா."

"அம்மாவையா வாங்க போங்கன்னு பேசுனீங்க? நா யாரோ பேங்க்காரங்கன்னு நெனச்சேன்."

அன்றிலிருந்து நூலகத்தில் நாங்கள் தமிழில் பேசினோம். அங்கே வரும் வேறு யாருக்கும் அது புரியாது. பக்கத்து மேசையில் பிள்ளைகள் இருக்கும்போதே அவளால் எதையும் சொல்ல முடிந்தது. அவளுடைய தமிழில் பாதி ஹிந்தி. விடுமுறை என்றால் சுட்டி, புரியவில்லை என்றால் சமஜ் ஆவல. ஆனால் தமிழைப் படிப்பதில் தடுமாற்றமே கிடையாது. ஏழாம் வகுப்பு வரை புனேயிலேயே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் படித்தவள். அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லாததால் எங்கள் பள்ளிக்கு, ஆங்கிலவழிக்கு வந்துவிட்டாள். எட்டாம் வகுப்பு வரை யாரையும் தோல்வியடையச் செய்வதில்லை, அதனால் யாரும் அவளைக் கவனிக்கவும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் அந்த விதி மாறிவிடும்.

அறிவியல் ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பிப் பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்வார். அவள் எழுந்தால் பின்வரிசையிலிருந்து "இட்லி, சட்னி" என்று மெல்லிய குரலில் தொடங்குவார்கள். அவளுடைய அம்மா போபோடியில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவர் என்று அந்த வகுப்புக்குத் தெரியும். இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. "சட்னி நாங்க விக்கறதே இல்ல மிஸ்," என்றாள்.

பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. ஒருநாள் அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தடையாக இருந்த 'டிஸ்ப்ளேஸ்மென்ட்' என்ற சொல்லை என்னால் முடிந்தபடி விளக்கினேன். ஒரு பொருள் தொடங்கின இடத்துக்கும் போய்ச்சேர்ந்த இடத்துக்கும் நடுவில் நேராக இருக்கும் தூரம், எந்தத் திசை என்பதோடு சேர்த்து.

"இடப்பெயர்ச்சியா?"

"அப்படித்தான் இருக்கும்." நான் பள்ளியில் ஆங்கிலத்தில் படித்தவள்.

"இத மொதல்லயே சொல்ல மாட்டாங்களா மிஸ்? நா இத ஏழாவதுலயே படிச்சுட்டேன்." ஏமாற்றப்பட்டவளைப் போலப் புத்தகத்தைப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரியாதது கொஞ்சம்தான் என்று அன்று நினைத்தேன். சொற்களை மாற்றிக் கொடுத்தால் போதும், மீதி அவளிடம் இருக்கிறது. இப்போதும் அதை நான் நம்புகிறேன்.

அறிவியல் வகுப்பு மதிய இடைவேளைக்கு அடுத்து வரும். மணி அடித்த பிறகும் அவள் உட்கார்ந்திருந்தபோது நான் எழுப்பவில்லை. சில நாட்களிலேயே மேல் வகுப்புகளுக்குப் பொறுப்பான சூப்பர்வைசர் மேடத்திடம் போய்ச் சொன்னேன். வாரத்தில் ஓரிரு வகுப்பு நேரம் அவள் என்னிடம் இருக்க முறையாக அனுமதி கொடுங்கள் என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷி. பிள்ளைகளின் காய்ச்சலுக்குத் தன் பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். "பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்," என்றார். அனுமதி என்றும் சொல்லவில்லை, மறுப்பு என்றும் சொல்லவில்லை. அவள் வந்துகொண்டிருந்தாள்.

பரீட்சை முடிந்து விடைத்தாள் கிடைத்த அன்று அறிவியல் தாளை என் விசைப்பலகையின் மேல் வைத்துவிட்டு அடுக்குகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தேர்ச்சிக்கு மேல் ஒன்றிரண்டு மதிப்பெண்தான். அவள் வெளியே வர வெகுநேரம் ஆனது. மற்ற இரண்டு தாள்களைக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் பள்ளி வாசலில் ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் ஒரு பெரிய பேனர் கட்டுவார்கள். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று அதில் இருக்க வேண்டும். அந்தப் பேனருக்கான வேலை ஒன்பதாம் வகுப்பு தீபாவளியிலேயே தொடங்கிவிடும். தேற மாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளின் பெற்றோரை ஒவ்வொருவராக அழைத்துப் பேசுவார்கள். யாரையும் வெளியே போ என்று சொல்வதில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பத்தாம் வகுப்பை வெளியிலிருந்து தனித்தேர்வராக எழுதலாம் என்று ஒரு வழி சொல்வார்கள். பெற்றோரே எழுதிக் கொடுப்பார்கள். வெளியே போன பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் எழுதினார்கள் என்று பள்ளிக்குத் தெரியாது. பள்ளிக்கு அது தேவையும் இல்லை.

பள்ளியில் மதிப்பெண் போடாத, வருகை எடுக்காத, வீட்டுக்குப் புகார் அனுப்பாத பெரியவர் நூலகர் ஒருவர்தான். பிள்ளைகள் அதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கட்டடத்தில் வேறு அதிகாரம் எதுவும் கிடையாது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் நான் வேலை பார்த்தேன்.

அவளுடைய அம்மா வந்த அன்று மாவ்ஷி என்று நாங்கள் கூப்பிடும் பணிப்பெண் நூலகத்துக்கு வந்து, "மேடம் கூப்பிடறாங்க. உங்க ஊர்க்காரம்மா வந்திருக்கு, அது பேசறது யாருக்கும் புரியல," என்றார்.

அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் குடும்பம் தொழிற்சாலை வேலைக்கு வந்து கட்கியிலேயே தங்கிவிட்டது. அம்மா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கடையில் பேசும் அளவுக்கு ஹிந்தி தெரியும், ஒரு மேடத்தின் முன்னால் பேசும் அளவுக்குத் தெரியாது. அவள் கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் அம்மாவின் முகம் தெளிந்தது.

"நீதானா அந்தத் தமிழ் டீச்சரம்மா? இது ஊட்ல உன் பேச்சாதான் பேசும். உக்காரும்மா, பக்கத்துல உக்காரு."

நான் சூப்பர்வைசர் மேடத்தின் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறு நாற்காலி இல்லை.

மேடம் ஹிந்தியில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி, நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"மேடம் சொல்றாங்க, உங்க பொண்ணு அறிவியல் வகுப்புல உட்கார்றதில்லைங்க."

"அப்ப எங்க இருக்குது?"

அதை ஹிந்தியில் சொன்னேன். மேடம் என் பக்கம் கையைக் காட்டினார். "இவங்ககிட்டதான் இருக்கா, நூலகத்துல. அதையும் சொல்லுங்க."

"என்கிட்டதாங்க இருக்கா. நூலகத்துல," என்றேன்.

அம்மா என்னையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "உன்கிட்டவா? அப்ப நல்லதுதானேம்மா. இதுக்கா கூப்புட்டாங்க?"

மேடம் காத்திருந்தார். "அப்படியானால் நல்லதுதானே என்று கேட்கிறார்," என்று ஹிந்தியில் சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. கதவோரத்தில் மட்டும் மூக்கால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த அறையில் அவளிடமிருந்து வந்த கடைசிச் சத்தம் அது.

பிறகு விஷயத்துக்கு வந்தார். கணக்கில் தோல்வி, மராத்தியில் தோல்வி. இப்படியே போனால் ஒன்பதாம் வகுப்பிலேயே நிற்க வேண்டி வரும். இப்போதே சான்றிதழ் வாங்கிக்கொண்டால் ஒரு வருடம் வீணாகாது. வெளியிலிருந்து எழுதலாம், பாடம் குறைவு, நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன். எதையும் விடவில்லை, எதையும் கூட்டவில்லை. முதல் சில வாக்கியங்களுக்கு முன்னால் 'மேடம் சொல்றாங்க' என்று போட்டேன். பேச்சு வேகம் பிடித்ததும் அது விட்டுப்போனது. ஹிந்தியில் மேடம் சொன்னது அலுவலகச் செய்தியாக இருந்தது. என் வாயிலிருந்து வந்தபோது, கோயம்புத்தூர் மரியாதையோடு, "வெளியிலிருந்து எழுதலாங்க, ஒரு வருஷம் மிச்சமாகுங்க" என்று வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்வதைப் போல இருந்தது. எனக்கு வேறு விதமாகத் தமிழ் பேசத் தெரியாது.

அம்மா மேடத்தைப் பார்ப்பதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ சொல்லும்மா. நீ நம்ம ஆளு. என்ன பண்ணலாம்?"

"என்ன கேட்கிறார்?" என்றார் மேடம்.

"என் அபிப்பிராயத்தைக் கேட்கிறார்."

"முடிவு அவங்களோடதுன்னு சொல்லுங்க."

"முடிவு உங்களோடதுங்க," என்றேன். அதோடு ஒரு வாக்கியத்தை நானாகச் சேர்த்தேன். "இப்ப ஒண்ணும் எழுதிக் கொடுக்க வேண்டாங்க. வீட்ல பேசிட்டு வாங்க." அதை ஹிந்தியில் மேடத்துக்கும் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார். இந்த வாரத்துக்குள் சொன்னால் போதும் என்றார். கொஞ்சம் அவகாசம் வாங்கிவிட்டேன், அதற்குள் அம்மாவைத் தனியாகப் பார்த்துப் பேசிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நடைபாதையில் அவள் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டேன், நின்றாள்.

"அது நான் சொன்னது இல்லடா. மேடம் ஹிந்தியில சொன்னதைத்தான் நான் தமிழ்ல..."

"எனக்கு ஹிந்தி தெரியும் மிஸ்."

"அப்ப உனக்கே தெரியுமே."

"மேடம் சொன்னப்ப எனக்கு ஒண்ணும் ஆவல. எப்பவும் சொல்றதுதான. நீங்க அத தமிழ்ல சொன்னீங்க." தோளில் பையைச் சரிசெய்தாள். "நல்லா சொன்னீங்க மிஸ். எங்கம்மா மனசுல அப்பவே ஒத்துக்கிச்சு, பாத்தீங்களா?"

கிண்டலா என்று அவள் முகத்தில் தேடினேன். கிண்டல் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இடைவேளையில் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும். வகுப்பில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது ஒரு கணம் நல்லதாகவே பட்டது. வகுப்பில் உரக்க வாசிக்கச் சொன்னபோது எழுந்து நின்று வாசிக்காமலே நின்றாள் என்று பிறகு தெரிந்தது. அவள் அம்மாவின் எண்ணை அலுவலகத்தில் வாங்கிக் கூப்பிட்டுப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை. வார இறுதியில் வீட்டுக்கே போகலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் மாவ்ஷி சொன்னார், உங்க ஊர்க்காரம்மா வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிற்று என்று.

மேடத்திடம் ஓடினேன். விண்ணப்பத்தை இந்த வருடம் முடியும்வரை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டேன். கணக்கையும் மராத்தியையும் நான் பார்த்துக்கொள்கிறேன், பள்ளி நேரத்துக்கு அப்பால் உட்காருகிறேன் என்றேன்.

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நீங்கதானே அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொன்னீங்க? நான் சொன்னா இந்த மாதிரி அம்மாக்கள் அழுவாங்க, சண்டை போடுவாங்க. இவங்க புரிஞ்சுக்கிட்டு வந்து எழுதிக் கொடுத்திருக்காங்க. ரொம்ப நல்லபடியா நடந்தது. இப்ப ஏன் குழப்பறீங்க?"

சனிக்கிழமை போபோடிக்குப் போனேன். எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெறலாம், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, கூட நான் வருகிறேன். இந்த மூன்றையும் இதே வரிசையில் சொல்வதாக எண்ணிக்கொண்டு போனேன். அம்மா என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டு, மாவு வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பெருமையாக, "இவங்கதான் பாப்பாவுக்கு வழி சொன்ன டீச்சரம்மா," என்றார்.

"நான் வழி சொல்லலைங்க. அது மேடம் சொன்னதுங்க. அதைத் தமிழ்ல மாத்திச் சொன்னதுதான் நான்."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். நீ சொன்னதாலதான் எங்களுக்குப் புரிஞ்சுது. இவங்கப்பா மொதல்ல குதிச்சாரு, எவ சொன்னதுன்னு. நம்ம தமிழ் டீச்சரம்மா சொன்னாங்க, அவங்க இஞ்சினீரிங் படிச்சவங்கன்னேன். அப்பறம்தான் அடங்குனாரு. படிச்ச பொண்ணு, நம்ம ஜனம், நமக்குக் கெட்டது சொல்லுமான்னு உட்டுட்டாரு."

நான் வரிசையாக வைத்திருந்த மூன்றையும் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"குடுத்தத திரும்பக் கேட்டா அந்த மேடம் மொகத்துல எப்புடி முழிக்கறது? அதுவுமில்லாம இதுவே போமாட்டேங்குது. நீயே கேட்டுப் பாரு." உள்பக்கம் திரும்பி, "ஏய், டீச்சர் வந்துகிறாங்க, வா," என்றார்.

அவள் வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. "நமஸ்தே மேடம்," என்றாள்.

என்னை அவள் மேடம் என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. எப்படி இருக்கிறாய் என்று தமிழில் கேட்டேன். நன்றாக இருப்பதாக ஹிந்தியில் சொன்னாள். திங்கட்கிழமை வா, நூலகத்துக்கு மட்டும் வந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றேன். வேண்டாம் மேடம், வீட்டில் வேலை இருக்கிறது என்று ஹிந்தியில் பதில் வந்தது. நல்ல ஹிந்தி, ஒரு தமிழ்ச் சொல் கூடக் கலக்காதது. தெரியாத இடத்தில் கவுண்டரில் நிற்கும்போது பேசுவோமே, அந்த மரியாதையோடு.

"தமிழ்ல பேசேண்டி, இன்னாடி இது," என்றார் அம்மா.

அவள் கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்தாள். வேறு வழி இல்லாமல் நானும் என் திருத்தமில்லாத ஹிந்தியில், வருடம் முடிய இன்னும் சில மாதங்கள்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஒரு வினைச்சொல்லைத் திருத்துவதுபோல உதட்டை அசைத்தாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள். போகும்போது அம்மா ஒரு டப்பாவில் மாவு கொடுத்தார். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார் என்று வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பருவம் முடிவதற்குள் நூலகக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது. வகுப்பு நேரத்தில் வர ஆசிரியரின் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். இடைவேளையில் வரலாம், ஆனால் பெயரையும் வகுப்பையும் என்னிடம் பதிவு செய்ய வேண்டும், அது வாரம் ஒருமுறை சூப்பர்வைசர் அறைக்குப் போகும். அதற்கான வசதியை மென்பொருளில் நான்தான் செய்து கொடுத்தேன். என்னைத் தவிர யாருக்கும் அதைச் செய்யத் தெரியாது. தனியாக வந்து நிற்கும் பிள்ளைகள் வருவது முதல் வாரத்திலேயே குறைந்துவிட்டது. இப்போது வருகிறவர்கள் கூட்டமாக வருகிறார்கள், பொது அறிவுப் போட்டிக்குப் புத்தகம் எடுக்க.

இப்போது இருக்கும் நிலை இது. அந்த மாணவி எந்தப் பள்ளியிலும் இல்லை. தனித்தேர்வுக்கு இந்த வருடம் அவள் பெயரில் விண்ணப்பம் போடப்படவில்லை, கடைசி நாளும் கடந்துவிட்டது. காலையில் கடைகளுக்கு மாவு கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்று மாவ்ஷி சொல்கிறார். பத்தாம் வகுப்பின் பேனர் வாசலில் தொங்குகிறது. நான் அதே வேலையில் இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெற்றோரை அழைக்கும் நாட்களில், தமிழ் வீட்டுக்காரர்கள் வந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் 'மேடம் சொல்றாங்க' என்று இப்போது விடாமல் சேர்க்கிறேன். இதுவரை எல்லோரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.